தோரணம், கட்-அவுட், ஃப்ளெக்ஸ்: தெரு அலங்கார விதிகளின் கதை

ஒரு வீட்டில் கல்யாணம் என்றால் வாசலில் வாழை மரம் கட்டுவார்கள். தெருமுனையில் ஒரு வளைவு. கொஞ்ச தூரம் மாவிலைத் தோரணமோ வண்ணக் காகிதமோ. வசதி இருந்தால் சீரியல் லைட். இதற்கெல்லாம் யாரிடமும் அனுமதி கேட்கும் பழக்கம் தமிழ்நாட்டில் இருந்ததில்லை. "ரெண்டு நாள்தானே" என்பதுதான் பதில். அந்த "ரெண்டு நாள்தானே" என்ற வார்த்தை, இன்று நகரங்களின் பேனர் சட்டங்கள் எல்லாவற்றையும் தடுக்கி விழ வைத்திருக்கிறது. எப்படி என்று பார்க்க, கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

தெரு அலங்காரத்துக்கும் அரசுக்கும் உள்ள உறவு ரொம்பப் பழையது. சீத்தலைச் சாத்தனார் எழுதிய மணிமேகலையின் முதல் காதைக்குப் பெயரே விழாவறை காதை. புகாரில் இந்திர விழா நடக்கப் போகிறது. யானை மேல் முரசை ஏற்றி, வள்ளுவன் ஊருக்கு அறிவிக்கிறான். வீதிகளில் பூரண கும்பம் வையுங்கள், பாவை விளக்கு வையுங்கள், கமுகும் வாழையும் கரும்பும் நடுங்கள், திண்ணைத் தூண்களில் முத்து மாலை தொங்க விடுங்கள், கொடி கட்டுங்கள், பழைய மணலை மாற்றிப் புது மணல் பரப்புங்கள் என்று நீண்ட பட்டியல். கடைசியில், பகைவரைக் கண்டாலும் சண்டை போடாமல் ஒதுங்கிப் போங்கள் என்றும் ஒரு வார்த்தை. (சட்டம் ஒழுங்குப் பிரச்சினை அப்போதே இருந்திருக்கிறது!) விழா எத்தனை நாள் என்பதும் அறிவிப்பிலேயே உண்டு: 28 நாள். மாநகராட்சி சுற்றறிக்கை ஒன்றில் என்னவெல்லாம் இருக்க வேண்டுமோ, ஏறக்குறைய எல்லாம் அதில் இருக்கிறது.

பட்டினப்பாலையிலும் அதே புகார்த் தெருக்களில் விதவிதமான கொடிகள் பறக்கின்றன. தெய்வம் உறையும் வாயிலில் ஒரு கொடி, வாதத்துக்கு அழைக்கும் அறிஞர்கள் நட்ட கொடி, துறையில் நிற்கும் கப்பல்களின் பாய்மரக் கொடி, கள் விற்கும் வீட்டின் கொடி. விளம்பரமும் அலங்காரமும் ஒன்றாகவே வளர்ந்திருக்கின்றன.

ஆனால் இந்தப் பழைய அலங்காரங்களுக்கு ஒரு குணம் இருந்தது. வாழை மூன்றாம் நாள் வாடிவிடும். மாவிலை காய்ந்துவிடும். கரும்பைப் பிள்ளைகள் பிடுங்கித் தின்றுவிடுவார்கள். 'விழா முடிந்ததும் அகற்று' என்று யாரும் விதி போடத் தேவை இல்லாமல், பொருளே அதைப் பார்த்துக்கொண்டது.

வாடாத பொருளைத் தெருவில் தொங்கவிட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பழைய லண்டன் ஒரு பாடம். அங்கே கடைகளுக்குக் கதவிலக்கம் இல்லாத காலத்தில், வாசலுக்கு வாசல் பெரிய மரப் பலகைகள் இரும்புக் கம்பியில் தொங்கின. பக்கத்துக் கடைக்காரனை விடத் தன் பலகை வெளியே நீண்டிருக்க வேண்டும் என்று போட்டி. வெளிச்சமும் காற்றும் தெருவுக்கு வராமல் போனது. 1718இல் ஃப்ளீட் தெருவை ஒட்டிய ஒரு சந்தில் அப்படி ஒரு பலகை, சுவரையும் பெயர்த்துக்கொண்டு விழுந்ததில் நான்கு பேர் இறந்தார்கள். உடனே சட்டம் வந்துவிட்டதா என்றால், இல்லை. 1760களில்தான் பலகைகளை இறக்கி, சுவரோடு ஒட்டி வைக்கும்படி செய்தார்கள். நாலு உயிருக்கும் விதிக்கும் நடுவில் நாற்பது வருடத்துக்கு மேல் இடைவெளி.

சென்னைக்கு வருவோம். 1688இல் தொடங்கிய மாநகராட்சி இது. இப்போதைய விதிகளின் வேர் 1919ஆம் வருட மாநகராட்சிச் சட்டத்தில் இருக்கிறது. பொதுத் தெரு மாநகராட்சியின் பொறுப்பு, அதை மறித்து எதையும் கட்டக் கூடாது என்பது பொது விதி. தற்காலிகமாகப் பந்தல் போன்றவை போட்டுக்கொள்ள உரிமம் தரலாம் என்பது விதிவிலக்கு. கல்யாணத்துக்கும் சாவுக்கும் தெருவை அடைத்துப் பந்தல் போடும் ஊரில் அந்த விலக்கு இல்லாமல் முடியாது.

அடுத்த முக்கியமான சட்டம் 1959இல் வந்தது. பொது இடங்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்கும் சட்டம். ஒரு சுவரிலோ கம்பத்திலோ, உரிமையாளரின் எழுத்து மூலமான சம்மதம் இல்லாமல் விளம்பரம் ஒட்டினாலோ எழுதினாலோ குற்றம். சுவரொட்டியும் சுவரெழுத்தும்தான் அன்றைய பிரச்சினை என்பது இதைப் படித்தாலே தெரியும். 'இந்தச் சுவர் இத்தனாம் தேதி வரை ரிசர்வ்டு' என்று கட்சிக்காரர்கள் முன்பதிவு செய்து வைக்கும் வழக்கத்தைப் பார்த்தால், அந்தச் சட்டத்தின் கதி என்ன ஆனது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அதே காலத்தில் சுவரை விட்டு எழுந்து நின்றது கட்-அவுட். 1957இல் சிவாஜி கணேசனின் 'வணங்காமுடி' படத்துக்காகச் சென்னை சித்ரா தியேட்டரில் வைத்த 80 அடி உருவத்தைத்தான் பிரம்மாண்ட கட்-அவுட்களின் தொடக்கம் என்று சொல்வார்கள். பிறகு சினிமாவிலிருந்து அரசியலுக்கு அது வந்தது. சினிமாவும் அரசியலும் ஒரே மேடையில் நின்ற மாநிலத்தில் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். 1991 முதல் 1996 வரையிலான ஜெயலலிதா ஆட்சியில் அண்ணா சாலை நெடுக நின்ற கட்-அவுட்களையும் வளைவுகளையும் பார்த்தவர்கள் இன்றும் சொல்வார்கள்.

அந்தப் பேனர்களும் கட்-அவுட்களும் எப்படித் தயாராயின என்பது இந்தக் கதைக்கு முக்கியம். ஒரு சின்னப் புகைப்படத்தில் கட்டம் போடுவார்கள். அதே கட்டங்களைப் பெரிய துணியில் சாக்பீஸால் இழுத்து, ஒவ்வொரு கட்டமாக முகத்தைப் பெரிதாக்குவார்கள். துணியை மரச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, ஆள் சாரத்தில் ஏறி நின்று எண்ணெய் வண்ணத்தில் தீட்டுவார். கட்-அவுட் என்றால் ஒட்டுப்பலகையை உருவத்தின் ஓரத்துக்கு அறுத்து, பின்னால் சவுக்குக் கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி நிறுத்துவார்கள். ஒரு பெரிய பேனருக்கு ஒரு குழுவே நாள் கணக்கில் உழைக்க வேண்டும். அனுபவசாலிகள் காற்றுப் போவதற்காகத் துணியில் அங்கங்கே பிறை வடிவில் கிழித்து விடுவார்கள். படம் ஓடி முடிந்ததும் துணி வீணாகாது, மேலே வெள்ளை அடித்து அடுத்த கதாநாயகனுக்குப் போய்விடும்!

ஆக, அப்போதும் விதிமீறல் இருந்தது. ஆனால் அதற்குச் செலவும் நேரமும் பிடித்தன. ஒரு சாதாரண வட்டச் செயலாளர் தன் மகளின் காதுகுத்துக்கு அறுபதடி பேனர் தீட்ட முடியாது.

அரசு சட்டம் போட்டபோது இந்தப் பெரிய உருவங்களையும், அண்ணா சாலையில் கட்டடங்களின் தலைமேல் ஏறி நின்ற வணிக ஹோர்டிங்குகளையும் மனதில் வைத்தே போட்டது. 1990களின் இறுதியில் மாநகராட்சிச் சட்டத்தில் ஹோர்டிங்குகளுக்கென்று தனிப் பிரிவுகளைச் சேர்த்தார்கள். 2003இல் விரிவான விதிகள் வந்தன. உரிமம் வேண்டும், கட்டணம் கட்ட வேண்டும், கல்வி நிலையங்கள், வழிபாட்டுத் தலங்கள், மருத்துவமனைகள் முன்பும் சாலைச் சந்திப்புகளிலும் வைக்கக் கூடாது. ஓட்டுநரின் கவனத்தைக் கெடுத்துப் போக்குவரத்துக்கு ஆபத்தாக இருந்தால் அகற்றலாம். விளம்பர நிறுவனங்கள் வழக்குப் போட்டன. அது பேச்சுரிமையைப் பறிக்கிறது என்று உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 2008இல் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. சென்னையில் பெரிய ஹோர்டிங்குகள் இறங்கின. பல வருடங்களாக மறைந்து கிடந்த கட்டடங்களின் முகம் அப்போதுதான் வெளியே தெரிந்தது.

நல்ல வெற்றிதான். ஆனால் சட்டம் மேலே பார்த்துக்கொண்டிருந்தபோது கீழே வேறொன்று முளைத்துவிட்டது.

2000களின் தொடக்கத்தில் டிஜிட்டல் அச்சு இயந்திரங்கள் ஊர் ஊராக வந்தன. பாலியெஸ்டர் நெசவின் மேல் பிவிசி பூசிய ஃப்ளெக்ஸ் துணி. கம்ப்யூட்டரில் படத்தை ஒட்டி, பெயர்களைச் சேர்த்து, பட்டனைத் தட்டினால் சில மணி நேரத்தில் கையில் கிடைக்கும். சதுர அடிக்கு இவ்வளவு என்று விலை. கட்டம் போட்டுத் தீட்டிய ஓவியர்களின் தொழில் சில வருடங்களிலேயே படுத்துவிட்டது. பலர் வேறு வேலைக்குப் போனார்கள். தலைவர்களுக்கும் நடிகர்களுக்கும் மட்டும் இருந்த அந்தஸ்து இப்போது எல்லோருக்கும் கிடைத்தது. காதணி விழா, மஞ்சள் நீராட்டு விழா, வளைகாப்பு, கண்ணீர் அஞ்சலி, தேர்வில் தேறிய மாணவர், புதிதாக வாங்கிய ஆம்னி பஸ் என்று எதற்கும் ஃப்ளெக்ஸ். மேலே தலைவர், பக்கத்தில் கொஞ்சம் சிறியதாக அடுத்த தலைவர், கீழே பாஸ்போர்ட் அளவில் வரிசை வரிசையாக 'இவண்' கோஷ்டி. செலவைப் பங்கு போட்டவர்களுக்கு ஆளுக்கொரு முகம். யார் முகம் எவ்வளவு பெரிது, யார் பக்கத்தில் யார் என்பதை வைத்தே உள்ளூர்க் கோஷ்டி அரசியலைப் படித்துவிடலாம்.

இது ஹோர்டிங் இல்லை, நிரந்தரக் கட்டுமானமும் இல்லை. 'ரெண்டு நாள்தானே'.

இந்த ஓட்டையை அடைக்கத்தான் 2011இல் டிஜிட்டல் பேனர்களுக்கென்றே தனி விதிகள் வந்தன. காகிதத்தில் படித்தால் குறை சொல்ல முடியாது. முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். இடத்துக்கு உரியவரின் சம்மதமும் காவல்துறையின் தடையின்மைச் சான்றும் வேண்டும். நடைபாதையை மறிக்கக் கூடாது. சாலையின் அகலத்துக்கு ஏற்பத்தான் அளவு. ஒரு பேனருக்கும் இன்னொன்றுக்கும் இடைவெளி வேண்டும். சில நாட்களுக்கு மட்டுமே அனுமதி. அனுமதி எண்ணையும் அது முடியும் தேதியையும் பேனரிலேயே அச்சடிக்க வேண்டும். அனுமதியில்லாமல் வைத்தால் ஒரு வருடம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

அனுமதி எண் அச்சடித்த பேனரைத் தேடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது குறிஞ்சிப் பூவைத் தேடுவது போல.

ஏன் நடக்கவில்லை? அதிகாரிகள் பயந்தார்கள், கட்சிக்காரர்கள் மிரட்டினார்கள் என்பது பாதிப் பதில். மீதிப் பதில் கணக்கில் இருக்கிறது. பேனர் ராத்திரி பதினோரு மணிக்கு மேல் முளைக்கும். புகார் காலையில் போகும். அது மாநகராட்சியா, நெடுஞ்சாலைத் துறையா, காவல்துறையா என்று பார்த்து, ஆய்வு செய்து, நோட்டீஸ் தயாராவதற்குள் முகூர்த்தம் முடிந்து பந்தி போட்டுவிடுவார்கள். ஹோர்டிங் ஓடாது, நோட்டீஸ் வரும் வரை அங்கேயே நிற்கும். பேனரின் ஆயுளோ நோட்டீஸின் ஆயுளை விடக் குறைவு. இன்னொரு தொல்லையும் உண்டு. பேனரில் இருப்பது தலைவரின் முகம். ஊழியர் அதைப் பிரிக்கும்போது லேசாகக் கிழிந்தால் போதும், 'தலைவரின் படத்தைக் கிழித்தார்கள்' என்று சாலை மறியல். அதனால் வைத்தவர்களே எடுக்கட்டும் என்று விட்டுவிடுவார்கள். வைத்தவர்களுக்கு விழா முடிந்த பிறகு அதன் ஞாபகமே இருக்காது. வாழை மரம் போல அது வாடவும் வாடாது.

இதைத் தனி ஆளாக எதிர்த்தவர் டிராஃபிக் ராமசாமி. பேனர்களைத் தன் கையாலேயே கிழிப்பார். அடி வாங்கினார், வழக்கு மேல் வழக்குப் போட்டார். கேலி செய்தவர்களும் உண்டு. 2021இல் அவர் இறந்தபோது கேலி செய்த பலரும் அஞ்சலி எழுதினார்கள்.

2017 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி எஸ். வைத்தியநாதன், உயிரோடு இருப்பவர்களின் படங்களைப் பேனரில் போடக் கூடாது என்று உத்தரவிட்டார். அரும்பாக்கத்தைச் சேர்ந்த ஒரு பெண் தன் இடத்துக்கு அருகே வைத்த பேனர் தொடர்பாகத் தொடர்ந்த வழக்கு அது. நோயின் வேர் முகத்தில் இருக்கிறது என்று கண்டுகொண்ட உத்தரவு என்று சொல்லலாம். முகம் இல்லாவிட்டால் பாதிப் பேர் பேனரே வைக்க மாட்டார்கள். மாநகராட்சி மேல்முறையீட்டுக்குப் போனது. பேனர்களை அகற்ற வேண்டிய அமைப்பு, பேனர்களைத் தடுக்கும் உத்தரவை எதிர்த்துப் போனது!

அடுத்த மாதமே கோவை அவிநாசி சாலையில் ஒரு மென்பொருள் பொறியாளர் இறந்தார். வெளிநாட்டில் வேலை பார்த்தவர், பெண் பார்க்க ஊருக்கு வந்திருந்தார். எம்.ஜி.ஆர். நூற்றாண்டு விழாவுக்காகச் சாலையில் கட்டிக்கொண்டிருந்த வளைவின் கட்டையில் இருட்டில் மோதியதுதான் காரணம் என்றார்கள் நண்பர்கள். காவல்துறை வேறு காரணம் சொன்னது. அவரைக் கொன்றது யார் என்ற கேள்வியை அந்தச் சாலையின் மீதே பெரிய எழுத்தில் யாரோ எழுதிவிட்டுப் போனார்கள்.

2018 டிசம்பரில் உயர் நீதிமன்றம் அனுமதியற்ற பேனர்களுக்கு மாநிலம் முழுவதும் இடைக்காலத் தடை விதித்தது. ஒன்பது மாதம் கழித்து, 2019 செப்டம்பர் 12. பல்லாவரம் துரைப்பாக்கம் ரேடியல் சாலையில், பள்ளிக்கரணை அருகே, ஸ்கூட்டரில் வந்துகொண்டிருந்த 23 வயதுப் பெண் மீது சாலை நடுத்திட்டில் வைத்திருந்த பேனர் சரிந்து விழுந்தது. நிலை தடுமாறி விழுந்தவர் மீது பின்னால் வந்த தண்ணீர் லாரி ஏறியது. ஆளுங்கட்சியாக இருந்த அ.தி.மு.க. பிரமுகர் ஒருவர் வீட்டுக் கல்யாணப் பேனர். அனுமதி வாங்கவில்லை. சட்டம் இருந்தது, விதி இருந்தது, நீதிமன்றத் தடையும் இருந்தது.

உயர் நீதிமன்றம் கொதித்தது. சாலைகளுக்கு இன்னும் எத்தனை லிட்டர் ரத்தம் வேண்டும் என்று நீதிபதிகள் கேட்டார்கள். குடும்பத்துக்கு இடைக்காலமாக 5 லட்சம் ரூபாய் தர உத்தரவிட்டார்கள். லாரி ஓட்டுநர் கைதானார். பேனர் அச்சடித்த கடைக்குச் சீல் வைத்தார்கள். வைத்தவரைப் பிடிக்க மட்டும் இரண்டு வாரம் ஆனது. இந்த வித்தியாசத்தை 'பிகில்' பாடல் வெளியீட்டு விழா மேடையில் விஜய்கூடச் சொல்லிக் காட்டினார். கட்சிகள் வரிசையாக அறிக்கை விட்டன. பேனர் வைத்தால் அந்த நிகழ்ச்சிக்கு வர மாட்டேன் என்றார் அப்போது எதிர்க்கட்சித் தலைவராக இருந்த மு.க. ஸ்டாலின். நடிகர்கள் ரசிகர்களைக் கேட்டுக்கொண்டார்கள். சில வாரங்களுக்குச் சென்னைச் சாலைகளில் வானம் தெரிந்தது.

அடுத்த மாதம் மாமல்லபுரத்தில் பிரதமர் மோடியும் சீன அதிபர் ஷி ஜின்பிங்கும் சந்தித்தார்கள். வரவேற்புப் பேனர் வைக்க அரசே நீதிமன்றத்தின் வாசலுக்கு வந்தது. அரசு விதிகளைப் பின்பற்றி வைத்துக்கொள்ளலாம், கட்சிகளுக்கு அந்தச் சலுகை கிடையாது என்றது நீதிமன்றம். ஒரு பேனர் வைக்க அரசாங்கம் முறைப்படி அனுமதி கேட்டு நின்ற காட்சி தமிழ்நாட்டில் அபூர்வம்.

ஆட்சி மாறியது. 2021 ஆகஸ்டில் விழுப்புரத்தில் 13 வயதுச் சிறுவன் ஒருவன், தி.மு.க. பிரமுகர் வீட்டுத் திருமணத்துக்காகக் கொடிக்கம்பம் நடும்போது மின்சாரம் தாக்கி இறந்தான். பேனர் வேண்டாம் என்று சொன்னார்கள், கம்பத்தைப் பற்றி யாரும் பேசவில்லை போலும். 2023 ஏப்ரலில் நகர்ப்புற உள்ளாட்சிகளுக்குப் புதிய விதிகள் நடைமுறைக்கு வந்தன. உரிமம் பெற்று ஹோர்டிங் வைக்க அவற்றில் வழி உண்டு. அதே வருடம் ஜூன் 1ஆம் தேதி கோவை கருமத்தம்பட்டி அருகே நெடுஞ்சாலையோரம் ஒரு ஹோர்டிங்கைப் பொருத்தும்போது சாரம் சரிந்து மூன்று தொழிலாளர்கள் இறந்தார்கள். பேனரின் கீழே போகிறவர்களைப் பற்றியாவது பேச்சு வருகிறது. மேலே ஏறுகிறவர்களுக்கு அதுவும் இல்லை.

இந்த விதிகளை அமல்படுத்தவே முடியாது என்று சொல்கிறவர்கள் ஒரு விஷயத்தை மறந்துவிடுகிறார்கள். 1990 முதல் 1996 வரை தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்த டி.என். சேஷன், சுவரெழுத்தின் மீதும் கட்-அவுட்கள் மீதும் கை வைத்தார். இப்போதைய வழக்கப்படி, தேர்தல் அறிவித்த நிமிடத்திலிருந்து கடிகாரம் ஓடத் தொடங்கும். அரசு அலுவலக வளாகங்களில் இருக்கும் விளம்பரங்களை 24 மணி நேரத்தில் அகற்ற வேண்டும். சாலை, பேருந்து நிலையம், பாலம் போன்ற பொது இடங்களில் 48 மணி நேரம். தனியார் இடங்களில் சட்டத்துக்குப் புறம்பாக இருப்பவற்றுக்கு 72 மணி நேரம். நோட்டீஸ், விசாரணை, மேல்முறையீடு எதற்கும் இடமில்லை. கணக்கு நாளில் இல்லை, மணியில்.

அகற்றுவது அதே மாநகராட்சி ஊழியர்கள். அதே லாரி, அதே ஏணி. தலைவர்களின் சிலைகளைக்கூடத் துணியால் மூடிவிடுவார்கள். ஒருவரும் மறியல் செய்வதில்லை. புகார் செய்தால் யார் மேல் நடவடிக்கை வரும் என்று கட்சிக்காரருக்கும் தெரியும், ஊழியருக்கும் தெரியும். அந்தச் சில வாரங்களுக்கு ஊழியரின் மேலதிகாரி, பேனரில் இருக்கும் முகத்துக்குக் கட்டுப்பட்டவர் இல்லை.

வாக்கு எண்ணி முடிந்த அன்று சாயங்காலம், ஃப்ளெக்ஸ் கடைகளில் இயந்திரம் நிற்பதில்லை. நன்றி தெரிவிக்கும் பேனர்கள் ராத்திரியே கம்பம் ஏறுகின்றன.